ஆற்றோடு விட்ட சேலை

பாளையங்கோட்டை கோர்ட் வாசலில் தகரக் கொட்டகை போட்டு முப்பது வருஷம் தட்டச்சு அடித்தவன் நான். யார் பொய் சொன்னாலும் மூன்று கார்பன் வைத்துப் பிசிறில்லாமல் அடித்துக் கொடுத்திருக்கிறேன். 'மேலே சொன்னவை யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன்' என்ற கடைசி வரி, நான் வேறெதையாவது நினைத்துக்கொண்டிருந்தாலும் விரலில் தானாக வந்துவிடும். அந்த வரிக்கு ஒரு அர்த்தம் உண்டு என்று எனக்கு உறைத்தபோது வயது ஐம்பத்திரண்டு. சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

தச்சநல்லூரில் எனக்கு அடுத்த வீடு அம்மையப்பன் அண்ணாச்சியுடையது. தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தாத்தா காலத்தில் கரையிருப்பு வரைக்கும் வயல் இருந்ததாம். இவர் காலத்தில் வீடும் பென்ஷனும் நெற்றி நிறையத் திருநீறும்தான் மிச்சம். ஒரு பொய்ச் சான்றிதழுக்குக் கையெழுத்துப் போட்டவரில்லை. அதனாலேயே எந்தத் தாசில்தாருக்கும் அவரைப் பிடிக்காது. மனைவி ஞானம்பாளை நான் மதினி என்பேன். மூத்த மகள் சித்ரலேகாவை அம்பாசமுத்திரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இளையவள் சங்கரிக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஜங்ஷனில் மோட்டார் சாமான் விற்கிற பெரிய கடையின் ஆபீசில் தட்டச்சு வேலை. அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். கடை முதலாளி, "நல்ல குடும்பத்துப் பிள்ளை இருந்தா சொல்லும்" என்றார். சொன்னேன்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம், ஐப்பசி. மூன்று நாளாக விடாத மழை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடை ஆட்களெல்லாம் பஸ் நின்றுவிடுமென்று சீக்கிரம் கிளம்பிவிட்டார்கள். ஒரு பில்லை எடுத்து வரச் சொல்லிச் சங்கரியைப் பின்பக்கத்தில் சாமான் அடுக்கி வைக்கிற கிட்டங்கிக்கு அனுப்பிய முதலாளியின் மகன், பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தி அவளைப் பலவந்தப்படுத்தினான்.

நனைந்துகொண்டு வந்தவளைப் பார்த்ததும் மதினிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. புருஷனிடம் சொல்லவில்லை. விடிந்ததும் விடியாததுமாக மகளைச் சிந்துபூந்துறைக்கு அழைத்துக்கொண்டு போனாள். அந்த வீட்டில் ஒரு வழக்கம். பாம்பிடம் தப்பினாலும் சரி, கிணற்றில் விழுந்து பிழைத்தாலும் சரி, கண்டம் கழிந்தது என்று அப்போது உடுத்தியிருந்த துணியை ஆற்றோடு விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். மதினி மகளைத் தலை முழுகவைத்தாள். மஞ்சள் தேய்த்தாள். முந்தின நாள் அவள் உடுத்தியிருந்த, கரைப்பக்கம் கிழிந்த இலைப்பச்சைச் சேலையைச் சுருட்டித் தண்ணீரில் விட்டாள். தாமிரபரணி அன்றைக்குச் செம்மண் நிறத்தில் படித்துறையின் மேற்படி வரை ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் திரும்பிப் பார்க்காமல் வந்தார்கள்.

தாய் மனசு, அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் அண்ணாச்சிக்குத் தெரிந்தது. சொந்தக்காரர்கள் நாலு பேர் வந்து மூடி மறைத்துவிடும்படி சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. "நாப்பது வருசம் அரசாங்கத்துச் சோத்தத் தின்னிருக்கேன். எழுதிக் கொடுத்தா நடக்கும்" என்றார். திங்கட்கிழமை காலை என் சின்ன மெஷினை அவர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மதினி உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழித்து நல்லெண்ணெய் ஊற்றி, மகள் முன்னால் வைத்திருந்தாள். சங்கரி அதைத் தொடவில்லை. கண்ணை மெஷின் மேலேயே வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். ஒரு வார்த்தை தடுமாறவில்லை. கடைசியில், "சேலையை அம்மை ஆத்துல விட்டுட்டா. அதையும் அடிங்க சித்தப்பா" என்றாள்.

அண்ணாச்சி கையை நீட்டி மறித்தார்.

"அது எதுக்குத் தம்பி? அது வீட்டுக்குள்ள நடந்த காரியம். பொம்பள குளிச்சதையும் முழுகுனதையும் மனுவுல போட்டு ஊரு வாசிக்கணுமா?"

"கேப்பாவள்லா அப்பா?" என்றாள் சங்கரி.

"கேக்கும்போது பாத்துக்கிடலாம்."

நானும் அந்த வரியை விட்டுவிட்டேன். சேலை கிழிந்தது என்பது மட்டும் மனுவில் இருந்தது. எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. படாமல் போனது என் தப்பு. முப்பது வருஷம் கோர்ட் வாசலில் உட்கார்ந்தவனுக்குப் பட்டிருக்க வேண்டும்.

ஒரே வாரத்தில் வழக்கு ஊர் வழக்காகிவிட்டது. பேப்பரில் சங்கரி பெயர் வரவில்லை. ஆனால் பேர் தெரியாதவன் என்று திருநெல்வேலியில் ஒருவனும் கிடையாது. முத்துமாலை என்கிற லாரி புக்கிங் ஏஜெண்ட் போராட்டக் குழு ஒன்று ஆரம்பித்தான். ஜங்ஷனிலிருந்து வண்ணார்பேட்டை வரை கடையடைப்பு நடந்தது. முதலாளி பக்கத்து ஆட்கள், பெண் சம்மதித்துத்தான் போனாள், காசுக்காக வழக்கு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அதைக் கிழித்ததில் இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. குழுவின் கோரிக்கை மனுவையும் நான்தான் அடித்தேன்.

கோர்ட் எதிரில் இருக்கிற டீக்கடையில் தினமும் இதே பேச்சு.

"கோர்ட்டு, வாய்தா, சாட்சி... என்னத்துக்குவே இதெல்லாம்?" என்பான் முத்துமாலை. "சவத்தப் பயல இழுத்துட்டு வந்து ஈரடுக்குப் பாலத்துல கட்டித் தொங்கவிடணும். பத்து நிமிசச் சோலி."

"ஆளு மாறிப்போனா?" என்பார் ஒரு வக்கீல் குமாஸ்தா.

"இதுல எங்கனவே ஆளு மாறும்? ஊருக்கே தெரியும்லா!"

"ஊருக்குத் தெரிஞ்சாப் போதுமா, நீதிபதிக்குத் தெரியாண்டாமா?"

"நீரு எந்தப் பக்கம்வே? அதை மொதல்ல சொல்லும்."

அதோடு டீ கிளாசை வைத்துவிட்டுக் குமாஸ்தா நகர்ந்துவிடுவார். எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டால் அதற்கு மேல் யாருக்கும் பேச்சு வராது.

வக்கீல்கள் கூடி, எதிரிக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். கோர்ட்டில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவன். தீர்மானத்தை அடித்தவனும் நான். அடிக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டவர் வெங்கட்ரமணன். ஆற்றங்கரை அக்ரஹாரத்திலிருந்து வந்து பாளையங்கோட்டையில் வீடு கட்டிக்கொண்ட பழைய கிரிமினல் வக்கீல். தீர்மானம் வந்த மறுநாளே எதிரிக்காக வக்காலத்துப் போட்டார். சாயங்காலம் அவர் வீட்டு கேட்டில் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். நான் போனபோது அவர் மனைவி ருக்கு அம்மாள் பேசாமல் வாளியும் துடைப்பமுமாகக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான் போவணுமா சாமி? ஊருல வேற வக்கீலே இல்லையா?" என்று கேட்டேன்.

"யாரும் போகப்படாதுன்னு நீர்தானே ஓய் அடிச்சுக் கொடுத்தீர்? அப்புறம் வேற யார் போவா?"

"அவன் பண்ணலைன்னு நினைக்கியளா?"

"நான் என்ன நினைக்கிறேன்னு கேக்காதேயும். வக்கீல் இல்லாம அவனைத் தண்டிச்சான்னு வெச்சுக்கும். ஐகோர்ட்ல ஒரே நாள்ல அடிச்சுப் போட்டு, மறுபடி முதல்லேந்து விசாரின்னு அனுப்புவா. அந்தப் பொண்ணு ரெண்டாம் தடவை கூண்டுல ஏறணும். அதுதான் ஊருக்கு வேணுமா?"

"நியாயம் பேசுதிய. நாளைக்கு அவளக் கூண்டுல நிக்கவெச்சு நீங்கதான கேக்கப் போறிய?"

அவர் உள்ளே போய்விட்டார். எனக்கு அவர் மேல் இருந்த மரியாதை அன்றைக்கே பாதி போயிற்று.

குற்றப்பத்திரிகை போடுகிற சமயத்தில் விசாரித்த இன்ஸ்பெக்டர் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷன் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். டாக்டர் பார்த்தது நாலாம் நாள், சர்டிபிகேட்டில் ஒன்றும் தெளிவாக இல்லை, சேலையும் இல்லையென்றால் கேஸ் நிற்காது என்றார்.

"கிழிஞ்ச சேலை ஒண்ணு வேணும்யா. அதே மாதிரி இருந்தாப் போதும்."

அதே மாதிரி ஒன்று இருந்தது. இரண்டு பெண்களுக்கும் ஒன்றுபோல எடுக்காவிட்டால் மதினிக்கு மனசு ஆறாது. முந்தின தீபாவளிக்கு டவுனில் ஒரே தினுசில் இரண்டு இலைப்பச்சைச் சேலை எடுத்து, ஒன்றை அம்பாசமுத்திரத்துக்குக் கொடுத்தனுப்பியிருந்தாள். அண்ணாச்சி மறுநாளே பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தார். நாற்பது வருஷம் ஒரு பொய்ச் சான்றிதழ் கொடுக்காத மனுஷன், கரையைப் பிடித்து இழுத்துத் தன் கையாலேயே கிழித்தார். கிழிக்கிற சத்தம் கேட்டு மதினி அடுக்களையிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள்.

"மூத்தவ சேலையக் கிழிக்காவளே..." என்றாள். அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது.

"நடந்தது நெசம்தானட்டி?" என்று அண்ணாச்சி அவளைப் பார்த்துக் கத்தினார். "சேலை கிழிஞ்சது நெசம்தான? அதே பச்சை, அதே கரை. இதுல என்ன பொய் இருக்கு? நீ அன்னைக்கு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்தச் சோலி எனக்கு எதுக்கு?"

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். சங்கரி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவள் சேலையைப் பார்க்கவே இல்லை.

சேலையை ஒப்படைத்ததாக ஒரு மகஜர் எழுத வேண்டும், அதில் அக்கம்பக்கத்துச் சாட்சி கையெழுத்து வேண்டும். இன்ஸ்பெக்டர் பழைய தேதி போட்டு எழுதிய காகிதத்தை என் முன்னால் வைத்தார். "பைய போடுங்க, அவசரமில்ல" என்றார். நான் வாசிக்கக்கூட இல்லை. சங்கரிக்கு அந்தக் கடை வேலையை வாங்கிக் கொடுத்த பாவத்தை இந்த ஒரு கையெழுத்தில் கழுவிவிடலாம் என்று எனக்கு நினைப்பு. போட்டுவிட்டேன்.

விசாரணை வருவதற்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று. தொண்ணூற்றேழு வைகாசி. கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் கார்பன் பேப்பர் மெழுகாக ஒட்டிக்கொள்ளும். விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம் அண்ணாச்சி மகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நானும் இருந்தேன். மதினி இலை போட்டு வெந்தயக் குழம்பும் சுட்ட அப்பளமும் வைத்திருந்தாள். யாரும் சாப்பிடவில்லை.

"சேலையக் காட்டுவாவ. உன்னுதான்னு கேப்பாவ. ஆமான்னு ஒரு வார்த்தை. அம்புட்டுத்தான்."

"அது அக்கா சேலைப்பா."

"ஏட்டி, இம்புட்டுப் பேரு உனக்காவ ரோட்டுல நிக்கானுவ. அவன் வெளிய வந்தா எனக்கு மூஞ்சி எங்கன இருக்கு?"

"ஆமான்னு சொல்லுதேன். பொறவு அவன் என்னை என்ன செஞ்சான்னு கேப்பாவ. அதுக்கும் ஆமான்னு சொல்லணும். ரெண்டு ஆமாவும் ஒண்ணாட்டம் இருக்கும்லாப்பா?"

அண்ணாச்சிக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. சாட்சிப் பட்டியலில் என் பெயரும் இருந்தது. எனக்கு என் பயம்.

மறுநாள் கோர்ட் வாசலில் முந்நூறு பேருக்குக் குறையாது. முத்துமாலையின் ஆட்கள் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த மாதிரி வழக்கைக் கதவைச் சாத்தித்தான் விசாரிப்பார்கள். சாட்சிகளான என்னையும் அண்ணாச்சியையும் வராந்தாவில் நிறுத்திவிட்டார்கள். ஆற்றில் விட்ட கதையை மறைத்ததால் மதினி பெயர் சாட்சிப் பட்டியலில் கிடையாது. மகளுக்குத் துணையாக அவளை மட்டும் உள்ளே உட்கார விட்டார்கள். உள்ளே நடந்ததை அவள்தான் எனக்குச் சொன்னாள். பிறகு சாட்சிய நகலையும் வாசித்தேன்.

அரசு வக்கீல் சேலையை எடுத்துக் காட்டி, அன்றைக்கு உடுத்தியிருந்தது இதுதானே என்று கேட்டாராம்.

"இல்ல. இது எங்க அக்கா சேலை."

அரசு வக்கீல் திரும்பவும் கேட்டார். பதற்றத்தில் சொல்வதாக நினைத்துத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். சங்கரி தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு அதையே சொன்னாள். அடுத்து வெங்கட்ரமணன் எழுந்தார். சேலையின் உள்முனையைத் திருப்பினார். அங்கே சேங்கொட்டை மையில் மூன்று புள்ளியும் ஒரு கோடும் இருந்தன.

"இது என்ன குறிம்மா?"

"வெளுக்கப் போடுத குறி. அம்பாசமுத்திரத்துல எங்க அக்கா வீட்டுத் துணிக்கு இதுதான் குறி. எங்க வீட்டுக் குறி வேற."

"அப்போ உங்க சேலை?"

"ஆத்துல விட்டாச்சு. எங்க அம்மை விட்டா."

"புகார்ல அது இல்லையே?"

"அடுத்த வீட்டுச் சிவசண்முகம் சித்தப்பாகிட்ட அடிக்கச் சொன்னேன். அடிக்கல."

அப்போது மதினி தன்னை மறந்து எழுந்து நின்றிருக்கிறாள். "நாந்தான்யா விட்டேன். சிந்துபூந்துறையில விட்டேன். வேணும்னா என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுதேன்" என்று நீதிபதியைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறாள். "நீங்க சாட்சி இல்லம்மா. உக்காருங்க" என்று நீதிபதி மெதுவாகத்தான் சொன்னாராம். மதினி உட்கார்ந்துவிட்டாள். அந்த வழக்கில் அந்தச் சேலை எங்கே போயிற்று என்று கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய இன்னொருத்தி அவள்தான். நகலில் அவள் சொன்னது ஒரு எழுத்துக்கூட இல்லை.

சங்கரி அன்றைக்கு மூன்று மணி நேரம் கூண்டில் நின்றாள். கிட்டங்கியில் நடந்ததைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். என்னிடம் சொன்னது எதுவோ அதையேதான் அங்கேயும் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் அரசு தரப்பு என்னைச் சாட்சியாகக் கூப்பிடவே இல்லை. விட்டுவிட்டார்கள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

சேலைச் செய்தி வெளியே கசிந்ததும் முத்துமாலை வராந்தாவில் வைத்தே சங்கரியை மறித்தான்.

"ஒன்றரை வருசமா உனக்காவ அடி வாங்கியிருக்கோம். ஒரு சேலைய ஆமான்னு சொல்ல வாய் வரலையோ?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணாச்சி, அவன் பொய் சொல்லுதான்னுதான நீங்க ரோட்டுக்கு வந்திய?"

முத்துமாலை வழியை விட்டான். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் குழு கூடவில்லை. டீக்கடையில் பேச்சு மாறிவிட்டது. சேலையிலேயே இப்படியென்றால் மற்றதெல்லாம் எப்படியோ என்று சொன்னவன், ஒன்றரை வருஷம் கொடி பிடித்தவன்தான்.

நான் நேரே வெங்கட்ரமணனிடம் போனேன்.

"இப்ப திருப்தியா சாமி? அவளா உண்மையச் சொன்னா. அதை வெச்சே அவ கழுத்தறுத்திட்டியளே!"

"கத்தாதேயும். அந்தக் குறியை முந்தின நாளே பாத்துட்டேன். அவ ஆமான்னிருந்தா, அந்த ஒரு கோட்டை வெச்சு அவளைப் பொய்க்காரின்னு நிறுத்தியிருப்பேன். அதோட எந்தக் கோர்ட்லயும் அவ பேச்சு எடுபடாது. இப்போ பொய்யர் நீரும் அவ அப்பாவும் இன்ஸ்பெக்டருமா மூணு பேர். அவ இல்லை."

"அதனால அவளுக்கு என்ன லாபம்?"

"இன்னிக்கு ஒண்ணுமில்லை" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு இரக்கம் வரவில்லை.

ஆடியில் தீர்ப்பு. சேலையும் மகஜரும் புனையப்பட்டவை, சம்பவத்துக்கு வேறு ஆதாரம் இல்லை, சந்தேகத்தின் பலன் எதிரிக்கு, விடுதலை. ஜங்ஷன் கடை வாசலில் பத்தாயிரம் வாலா வெடித்தார்கள். அண்ணாச்சி வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்தவர், அன்றைக்குச் சாயங்காலம் திருநீறு பூசவில்லை. அதற்குப் பிறகு மகளிடம் அவர் பேசவில்லை. அது கோபமில்லை. பேச முகமில்லை. மதினி சிந்துபூந்துறைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள். நல்ல நாள் பெரிய நாளுக்குக்கூடக் கொல்லைக் குழாயில்தான் குளித்தாள்.

பத்து நாள் கழித்து, சாரல் காற்றில் கொட்டகைத் தகரம் கடகடத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், தீர்ப்பு நகலைப் பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு சங்கரி வந்தாள். சுற்றியிருந்த எல்லாக் கொட்டகைகளிலும் தட்டுகிற சத்தம் நின்றது.

"எந்திரிங்க சித்தப்பா. நானே அடிக்கேன்."

எழுந்து ஸ்டூலைக் கொடுத்தேன். மெட்ராஸ் ஐகோர்ட்டுக்குச் சீராய்வு மனு. அங்கே எந்த வக்கீலைப் பார்ப்பது, போக வர என்ன செய்வது, ஒன்றும் அவளுக்குத் தெரியாது. ஆனாலும் அடித்தாள். மனுவின் முதல் பத்தியே சேலைதான். எந்தக் கிழமை, எந்தப் படித்துறை, யார் விட்டது. தாயைச் சாட்சியாக விசாரிக்க வேண்டும் என்று அடுத்த பத்தி. நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு எழுத்து தவறவில்லை.

முடித்ததும் வேறு காகிதம் மாற்றி இன்னொன்று அடித்தாள். அதை உருவி என்னிடம் நீட்டினாள். என் பெயரில் ஒரு பிரமாணப் பத்திரம். 'என் முன்னிலையில் சேலை எதுவும் கைப்பற்றப்படவில்லை. முன்தேதியிட்ட மகஜரில் தெரிந்தே பொய்க் கையெழுத்துப் போட்டேன். புகாரில் மனுதாரர் சொன்ன வரியை நானே விட்டேன்.'

"இதுல போட்டா உங்கள உள்ள வைப்பாவளாம். விசாரிச்சுட்டுத்தான் வந்தேன். போடாட்டாலும் நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

நான் சட்டைப்பையில் பேனாவைத் தேடினேன். காகிதத்தைப் பலகை மேல் வைத்து முனையை அழுத்தினேன். அவள் கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

"வாசிச்சிட்டுப் போடுங்க. அன்னைக்கு வாசிக்காமத்தான போட்டிய?"

கண்ணாடியை எடுத்து மாட்டினேன். முதல் வரியிலிருந்து வாசித்தேன். கடைசியில் அந்த வரி இருந்தது, மேலே சொன்னவை யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன் என்று. அதையும் வாசித்தேன். அவள் கையை எடுத்தாள். போட்டேன்.